பொய்க்காதலில் கேட்கப்படும் சம்மதம்

இருவர் ஏதோ ஒரு தேவைக்காகக் காதலர்களாக நடிக்கிறார்கள், நடிப்பு நிஜமாகிறது. ஆங்கிலக் காதல் நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ஏன் பெண்கள் இதை விரும்பி வாசிக்கிறோம்? அந்தப் பொய் பெண்ணுக்கு எதைத் தருகிறது என்பதில்தான் விடை இருப்பதாக நினைக்கிறேன்.

ஜார்ஜெட் ஹேயரின் ‘கோட்டிலியன்’ 1953இல் வெளிவந்தது. கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில். தன் உறவுக்காரப் பையன்களில் ஒருவனை மணந்தால்தான் சொத்து என்கிறார், கிட்டியை வளர்த்தவர். அவள் ஃப்ரெடியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, நிச்சயமானதாக நடித்து, லண்டனுக்குப் போகிறாள். கல்யாணமானால் பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போன காலம் அது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அந்த நிலை முழுமையாக மாறியது. வளர்த்தவரின் பிடிக்கும் கணவனின் பிடிக்கும் நடுவே கொஞ்சம் மூச்சுவிடும் இடத்தைக் கிட்டிக்கு அந்தப் பொய்தான் தருகிறது.

ஜென்னி ஹானின் 2014 நாவலில், லாரா ஜீனும் பீட்டரும் எழுத்திலேயே ஒப்பந்தம் போடுகிறார்கள். 2018இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் படத்தில், முத்தம் கூடாது என்று அவள் நிபந்தனை வைக்கிறாள், அவனும் ஏற்கிறான். நிஜக் காதலில் இப்படிக் கறாராகப் பேசும் பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும். நடிப்பில் அது வெறும் ஏற்பாடு. எனக்கு இந்தக் கதைகளில் பிடித்த பகுதி இந்தப் பேரம்தான்.

நடிப்பு முடிந்ததும் பேரமும் முடிந்துவிடுகிறது. ஜூலியா க்வின்னின் ‘தி டியூக் அண்ட் ஐ’ (2000) நாவலில் டாஃப்னியும் சைமனும் பேசிவைத்துக்கொண்டு காதலர்களாக நடிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, குழந்தை வேண்டாம் என்றிருக்கும் சைமன் போதையில் கிடக்கும்போது, டாஃப்னி அவன் விருப்பத்தை மீறிக் கருத்தரிக்க முயல்கிறாள். வாசகர்கள் பலர் இதை வல்லுறவு என்றே சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். மீறியவள் பெண் என்பதால் அது வேறொன்றாகிவிடாது.

கல்யாணமே நிரந்தரச் சம்மதம் என்ற கருத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991இல்தான் தன் தீர்ப்பில் நிராகரித்தது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவும், 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வல்லுறவு செய்தால் அதை வல்லுறவாகக் கணக்கிடுவதில்லை. பொய்க் காதலனிடம் கேட்க முடிந்த சம்மதத்தை, நிஜக் கணவனிடமும் கேட்கும் நாவல்கள் நமக்கு வேண்டும். அப்படிப்பட்ட சட்டமும் வேண்டும்.