மீன்பெட்டிக்கு அடியில் கம்பி பிரேக்

ஹெர்குலிஸ் எங்கள் மாவட்டத்துச் சைக்கிள் என்று நான் சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிக்கிறார்கள். பர்மிங்காமில் பிறந்த பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949-இல் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது, தொழிற்சாலை எழும்பிய அம்பத்தூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. 1997-இல் மாவட்டத்தைப் பிரித்ததில் திருவள்ளூரோடு போனது, இப்போது சென்னை. 2019-இல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம் கிடைத்தது; அம்பத்தூர் கிடைக்கவில்லை. போகட்டும். அங்கே செய்த வண்டிகள் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீன் சுமந்த கதையை யாரும் பிரித்துவிட முடியாது.

திருக்கழுக்குன்றத்தில் அப்பா போட்ட சைக்கிள் கடையை நான் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இ.சி.ஆர். வழியாக மிதித்து வரும் பையன்கள், தாத்தா காலத்து பிரேமுக்குப் பெயின்ட் அடித்தோ புதிதாக வெல்டு வைத்து ஒன்று செய்தோ கொண்டுவந்து, "அண்ணே, இதுக்குக் கம்பி பிரேக்கே போட்டுக் குடுங்க" என்கிறார்கள். அவர்கள் கண் பிரேமில் இருக்கும். நான் முதலில் பார்ப்பது ரிம்மை.

கம்பி பிரேக் ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வாது. லாடம் போல வளைந்த ஓர் இரும்பு, அதன் இரு முனைகளிலும் பிரேக் கட்டை. கைப்பிடியை அழுத்தினால் கம்பி அதை இழுத்து, ரிம்மின் உட்புறத்தில், அச்சைப் பார்த்த பக்கத்தில், கொண்டுபோய் அமுக்கும். அதற்கென்றே நடுவில் ஸ்போக்குக்குப் பள்ளமும் இரு ஓரத்திலும் கட்டை உட்காரச் சுருட்டிய விளிம்புமாக அடித்ததுதான் வெஸ்ட்வுட் ரிம். ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும் ஒயர் பிரேக்குக்கோ தட்டையான பக்கச் சுவர் வேண்டும். ஒன்றுக்கான ரிம்மில் இன்னொன்றை மாட்டினால் கட்டை ஒழுங்காக உட்காராது. பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

ஒயர் பிரேக் புதுச் சரக்கு என்று நினைக்கிறோம். எர்னஸ்ட் பௌடன் அந்த ஒயருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1896-இல். பிறகு ஏன் நம் கடற்கரையில் இத்தனை காலம் கம்பியே ஓடியது? விலை ஒரு காரணம், பழக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் உப்பு என்பேன். மீன் வியாபாரி விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு கேரியரில் கட்டி, செங்கல்பட்டுப் பக்கம் ஊர் ஊராக மிதிப்பார். ஐஸ் உருகி, மீன் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து, வழியெல்லாம் பின் ரிம்மிலும் பிரேக்கிலும் சொட்டிக்கொண்டே வரும். ஒயரின் உறைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கினால் துரு உள்ளேயே வளரும்; வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் பட்டென்று அறும். கம்பி துருவேறினால் கண்ணுக்குத் தெரியும். அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவண்டி மை தடவி அனுப்புவார். பிரேக் கட்டை தேய்ந்தால் பழைய லாரி டயரில் ஒரு துண்டு. அவ்வளவுதான் வைத்தியம்.

அதற்காகக் கம்பி பிரேக்கைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் கட்டை பிடிக்கவே பிடிக்காது. "தண்ணியைத் தாண்டினதும் பிரேக்கை லேசா அமுக்கிக்கிட்டே கொஞ்ச தூரம் போ, ரிம் காயட்டும்" என்பது அப்பா எல்லோருக்கும் சொன்ன பாடம். அப்படியும் நிற்காவிட்டால் செருப்பைத் தரையில் தேய்க்க வேண்டியதுதான். 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. மீன்பெட்டி மெல்ல மெல்ல அதில் ஏறியது. கல்லூரிப் பையன்கள் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள் பக்கம் போனார்கள்.

இன்று மாட்டுகிறவர்களுக்குக் கம்பி பிரேக்கில் ஓர் அனுகூலம் உண்டு. பழைய 28 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சி-யில் 622. ஒயர் பிரேக்கின் போல்ட்டு ஒரே ஓட்டையில் நிற்பதால், ஆரத்தில் வரும் ஆறரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே கட்டை எட்டாமல் போகலாம். லாடத்தைத் தாங்கும் கிளிப்புகளை ஃபோர்க்கிலும் பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயிலும் மேலே கீழே தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கிளிப்புகள் பழைய மெல்லிய குழாய்க்கு வளைத்தவை. தடித்த குழாயில் ஏறாது. டயர் பருமனாக இருந்தால் லாடத்துக்குள் நுழையாது. நம் பக்கம் கிடைக்கும் 700சி ரிம்மில் சுருட்டிய விளிம்பும் கிடையாது. ஆகவே ரிம்மை மாற்றச் சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேசுவேன்.

மாட்டிய பிறகும் ஒரு தொல்லை. ஒயராக இருந்தால் ஹேண்டில்பாரை எப்படி ஏற்றினாலும் வளைந்து கொடுக்கும். கம்பி கொடுக்காது, ஹேண்டிலை ஓர் அங்குலம் உயர்த்தினால் முன் லாடமும் கூடவே ஏறிக் கட்டை ரிம்மில் உரசும். அப்பா காலத்து வண்டிகளில் இணைப்புத் திருகைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்வோம். பையன்களோ வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், ஹேண்டிலை அவர்கள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, "சக்கரமே சுத்தலை அண்ணே" என்று போன் செய்கிறார்கள். இப்போதெல்லாம் ஆளை வரவழைத்து, சீட்டில் உட்காரவைத்து, ஹேண்டில் உயரத்தை முடிவுசெய்த பிறகுதான் கம்பியை வெட்டுகிறேன்.