பீரங்கிக் கொழுப்பு

ருஷ்ய மொழியில் அதற்குப் ‘புஷெச்னயே சாலோ’ என்று பெயர். பீரங்கிக் கொழுப்பு எனத் தமிழில் சொல்லலாம். சாலோ என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு. ருஷ்யரும் உக்ரைனியரும் ரொட்டியோடு விரும்பி உண்பது. பெயரில் மட்டுமே பன்றி. பெட்ரோலியத்தின் கனத்த எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பழுப்புநிறக் களிம்புதான் அது. அமெரிக்கர்கள் இதன் உடன்பிறப்பைக் காஸ்மோலின் என்றார்கள். 1865இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஹௌட்டன் நிறுவனம் இட்ட வணிகப்பெயர் அது. தொடக்கத்தில் புண்ணுக்கு இடும் மருந்தாக விற்கப்பட்டுப் பின்னரே இரும்புக்குப் போனது. புண்ணானாலும் துருவானாலும் காற்றையும் ஈரத்தையும் அண்டவிடாமல் தடுப்பதுதான் வேலை என்பதால் இந்த இடமாற்றத்தில் வியப்பில்லை.

இக்களிம்பு 50 பாகை செல்சியஸை ஒட்டி உருகும். உருக்கி அதில் தோய்த்தெடுத்தால் இரும்பின் இண்டு இடுக்கெல்லாம் நிறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலுள்ள இலேசான எண்ணெய்கள் ஆவியாகி, எஞ்சுவது கெட்டி மெழுகாக இறுகும். இவ்வாறு அரை நூற்றாண்டு உறங்கிய ஆயுதங்களில் மிகப் பெருந்தொகை மோசின் துப்பாக்கிகளுடையது. செர்கேய் மோசின் என்னும் ருஷ்யப் படை அதிகாரியின் வடிவமைப்பில், பெல்ஜியத்து நகான் தந்த சில கூறுகளையும் சேர்த்து, 1891இல் ஜார் படை ஏற்றுக்கொண்டது; 1930இல் திருத்தம் பெற்றது. மொத்தம் 3 கோடியே 70 லட்சம் செய்யப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின், கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளிலிருந்து இவை பெட்டிக்கு இருபதாக வெளியேறின. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாக ஒன்று கிடைத்தது. வாங்கியவர்கள் அனைவருக்கும் முதல் வேலை ஒன்றே. கொழுப்பை நீக்குவது. கொதிநீர், மண்ணெண்ணெய், கறுப்புப் பையில் கட்டி வெயிலில் கிடத்துவது என வழிகள் பல. மரம்தான் எளிதில் விடாது. மேலே துடைத்து முடித்தாலும், சுட்டுக் குழல் சூடேறியதும் கட்டை மறுபடி எண்ணெயாய் வியர்க்கும்.

நீக்கலாமா, அப்படியே வைக்கலாமா என்பது வெறும் பராமரிப்புக் கேள்வியாகத் தோன்றலாம். நாம் அதை வரலாற்றுக் கேள்வியாகப் பார்க்கிறோம்.

பெட்டியைத் திறக்கும் பலரது மனத்தில் ஸ்டாலின்கிராட் இருக்கிறது. கொழுப்பைத் துடைத்தால் 1942இன் சேறும் இரத்தமும் தென்படும் என்றொரு சொல்லப்படாத நம்பிக்கை. ஆனால் போர் முடிந்ததும் இத்துப்பாக்கிகள் படைக்கலச் சாலைகளுக்குச் சென்றன. அங்கே பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவினார்கள், தேய்ந்ததை மாற்றினார்கள், இரும்புக்குப் புதிதாய்க் கருமை ஏற்றி, கட்டைக்கு அரக்கு பூசினார்கள். ஒன்றின் குழலும் மற்றொன்றின் போல்ட்டும் வேறொன்றின் கட்டையும் ஒன்றாயின. போல்ட்டில் இருந்த பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துக் குழலின் எண்ணைப் பொறித்தார்கள். சீரமைத்ததற்கு அடையாளமாக, நடுவே கோடோடும் ஒரு சதுர முத்திரை. அதற்குப் பிறகுதான் கொழுப்பு. ஆகவே அது மூடிக் காப்பது போரை அல்ல, போர் முடிந்த பின்னும் அடுத்த போருக்குக் காத்திருந்த ஓர் அரசின் அச்சத்தை. கைப்பற்றிய ஜெர்மானிய மௌசர்களுக்கும் இதே கழுவலும் கலப்பும் முழுக்கும் நடந்தன. ஒரு நாடு எதிரியின் துப்பாக்கியையும் துருப்பிடிக்க விடாமல் எண்ணெயிட்டு வைத்தது என்பதை எந்தப் போர்க்கள நினைவுச்சின்னத்தைக் காட்டிலும் அழுத்தமான சான்றாக நாம் கருதுகிறோம்.

அப்படியானால் கை வைக்காமல் விட்டுவிடலாமா? அதையும் ஏற்க இயலவில்லை. மோசினின் பிறப்புச் சான்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. குழலின் மேல் காணும் ஆண்டு, குழலின் ஆண்டு மட்டுமே. குழல் பொருந்தும் உடற்பகுதிக்கு ஒரு வால் உண்டு. கட்டையைக் கழற்றி, கொழுப்பை வழித்து, அந்த வாலின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் முற்றிலும் வேறோர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். 1930களின் துப்பாக்கி என்று எண்ணியதன் உடல் ஜார் காலத்தில் செய்யப்பட்டிருக்கும். முத்திரை இல்லாத இடங்களும் பேசும். 1939இல் செய்ததன் உடல் வழவழப்பானது. 1942, 43இல் இஷேவ்ஸ்க் ஆலையில் செய்தவற்றில் கடைசல் உளியின் வரிகள் அப்படியே நிற்கின்றன. மெருகிட நேரமில்லை. அந்த அவசரத்தை விரல் நுனியால் தொட்டறிய வேண்டுமானால் கொழுப்பு போயே ஆகவேண்டும். மரத்துக்கும் அது நல்லதன்று. எண்ணெய் ஊறிய கட்டை கறுத்து மென்மையாகிறது. ஈரம் கட்டுப்படுத்தப்பட்ட அருங்காட்சியக அறையில் இரும்புக்கும் அவ்வளவு கனத்த காப்பு தேவைப்படாது. மெல்லிய மெழுகுப் பூச்சே போதும்.

நமது கட்சி இதுதான்: இரும்பில் நீக்கலாம், ஆனால் முதலில் படமெடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு அப்பியிருந்தது எனக் குறித்துக்கொண்டு. கட்டையில் மெல்லிய சூடும் உறிஞ்சும் துணியும் போதும். அரக்கைத் தொடவே கூடாது. சாராயம் கலந்த துடைப்பான் ஒன்று பட்டால் அது கரைந்தோடும். ஆர்வலர்கள் அவசரத்தில் அதிகம் அழித்தது இதைத்தான். (அரக்கு என்றதும் பாண்டவர் மாளிகை நினைவுக்கு வரும் வாசகருக்கு: ஆம், பூச்சி தரும் அதே பிசின்தான்.) பழைய மரத்தைத் தேய்த்துப் புதுமெருகிட்டு, கோடிட்ட எண்களையும் அராவி எடுத்துவிட்டு, ‘போர்க்கால நிலைக்கு மீட்டேன்’ என்பவர் எதையும் மீட்கவில்லை. 1942இன் சேற்றைப் படைக்கலச் சாலை கழுவியது. படைக்கலச் சாலையின் கையை இவர் கழுவுகிறார். பெட்டி முழுதும் கிடைத்தால் ஒன்றையேனும் திறந்தபடியே, கொழுப்போடும் சுற்றிய தாளோடும் வைத்துவிடுவது நலம். ஒரு கிடங்கு எப்படியிருந்தது என்பதை மற்ற பத்தொன்பதும் சொல்லமாட்டா.

இவையெல்லாம் சேகரிப்பாளரின் கவலைகள். கொழுப்பைப் பூசியவர்களின் கணக்கு வேறு. 2022இல் தோனெத்ஸ்க் பகுதியில் கட்டாயமாகத் திரட்டப்பட்ட ஆட்கள் மோசின்களைத் தாங்கி நிற்கும் படங்கள் வெளியாயின. எதிர்ப்பக்கத்தில் உக்ரைன் படையினர் 1910ஆம் ஆண்டு வடிவ மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாட்டின் பழைய ஆயுதங்கள் இருதரப்பிலும். எண்ணெயைத் துடைத்த அந்தக் கைகளில் எதுவும் வாலின் அடியில் பொறித்த ஆண்டைத் தேடியிருக்காது.