வெனிஸில் அறை எடுத்தல்

வெனிஸில் நேற்று வேறு ஓட்டலுக்கு மாறினோம். பெட்டியை இறக்குமுன்பே பாஸ்போர்ட் கேட்டார்கள். தங்குவோர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். முசோலினி காலத்து 1931ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

இந்த ஊரில் அந்தப் பழக்கம் முசோலினிக்கும் மூத்தது. ரியால்டோ பாலத்தருகே ஃபோந்தாக்கோ என்றொரு பெரிய கட்டடம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மானிய வணிகர்களுக்கு அதுதான் விடுதி, அதுவே கிடங்கு. வேறெங்கும் தங்கக் கூடாது. சரக்கு அரசு அதிகாரிகள் கண்ணெதிரில்தான் கைமாறும். இரவில் வாசல் பூட்டு. விருந்தோம்பலா, காவலா? இரண்டும்தான். வரியையும் விடக்கூடாது, வாங்க வருபவனையும் விடக்கூடாது! அவர்கள் வாங்கிப்போனதில் நம் மலபார் மிளகும் உண்டு. 1505இல் கட்டடம் எரிந்தபோது வெனிஸ் அரசே முன்னின்று, 1508க்குள் திரும்பக் கட்டிக்கொடுத்தது. மிளகு வருமானம் அப்படி.