கரையே அலகு: கேமரன் மலைப் பொது நிலங்களும் ஓடைகளின் நலமும்

ஆய்வுச் சுருக்கம்

பொதுக் காட்டு நிலத்தில் கால்நடை மேய்ச்சலை முறைப்படுத்தி வந்த நூற்றாண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: ஓடையின் நலம், நிலத்தைப் பயன்படுத்துவது யார் என்பதைவிட, கரை எப்படி நடத்தப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. மந்தைகள் அரிதான கேமரன் மலைக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஆண்டு உரிமத்தின் குறுகிய காலம், சட்ட வலு பெறாத ஆற்றோரக் காப்பு நிலம், வருவாயும் செலவும் வெவ்வேறு கைகளில் இருப்பது ஆகிய மூன்றும் பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் சீர்கேட்டுக்கு அடிப்படையாக உள்ளன. உரிமத்தின் நீட்டிப்பைக் கரையின் நிலையோடு பிணைப்பதே இதற்கு வழி என்பது கட்டுரையின் முடிபு.

1. மேய்ச்சல் கற்பித்த பாடம்

மாடு தண்ணீரைத் தேடிப் போகும். போன இடத்திலேயே நிற்கும். ஓடையோரத்தில் புல் பசுமையாக இருக்கும், நிழலும் கிடைக்கும். எனவே பரந்த காட்டில் மேயும் மந்தையின் பாதிப்பு எங்கும் ஒரே அளவில் பரவுவதில்லை. மொத்தப் பரப்பில் மிகச் சிறு பங்கான கரையில் அது குவிகிறது. குளம்பு பட்டுக் கரை சரிகிறது. ஓடை அகன்று ஆழம் இழக்கிறது. வண்டல் படிந்து கூழாங்கற்களின் இடுக்குகள் அடைபடுகின்றன. சாணம் நேராக நீரில் கலக்கிறது.

அமெரிக்க வனத்துறை 1906இல் தேசியக் காடுகளில் மேய்ச்சல் கட்டணம் விதிக்கத் தொடங்கியபோது எண்ணியது தலைகளைத்தான்: இத்தனை மாடு, இத்தனை மாதம். தலைக்கணக்கு சரியாக இருந்தும் கரைகள் சிதைந்துகொண்டே வந்தன. பல பத்தாண்டுகள் கழித்தே கவனம் கரைக்குத் திரும்பியது. கரையோரப் புல் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேய்ந்து முடிந்ததும் மந்தையை அடுத்த புலத்துக்கு நகர்த்துவது, ஓடைக்குத் தள்ளித் தண்ணீர்த் தொட்டி அமைப்பது, கரைக்கு ஓய்வுப் பருவம் ஒதுக்குவது போன்ற நடைமுறைகள் அப்படிப் பிறந்தவை. நியூசிலாந்து 2020இல் கொண்டுவந்த விதிகளும் இதே வழியில் செல்கின்றன. ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளிலிருந்து பால்மாடுகளை விலக்கிவைக்க வேண்டும் என்று அவை கோருகின்றன. மாடு வளர்ப்பை அவை தடை செய்யவில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் அந்தத் தடை புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றோடு சுருக்கப்பட்டது. காட்டில் பட்டி போட்டு மேய்ந்தே உருவான செம்மாட்டு இனத்தை வளர்த்துவரும் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மக்களுக்கு முதலில் வந்த முழுத் தடை பேரிடியாக இறங்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்றிருந்தும் இது நேர்ந்தது. 2024இல் அந்த மலைகளில் 80,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் மேய்ச்சல் உரிமை பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது. முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே காட்டை ஒரே துண்டாகப் பார்க்கின்றன. ஓடைக்கரை தனி வகை நிலம் என்பது இரண்டின் கண்ணிலும் படுவதில்லை.

2. மந்தையில்லா மலையில் மேய்ச்சலின் விளைவுகள்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சுமார் 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டம் கேமரன் மலை. பெர்த்தாம், தெலோம், லெமோய் ஆகியவை இதன் முதன்மை ஆறுகள். இவற்றின் நீர் இயல்பாக ஜெலாய் வழியே பகாங் ஆற்றில் சேர வேண்டியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் இம்மலையின் தேயிலைச் சரிவுகளைத் திருத்தியவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர். லயத்தின் பின்புறம் பசு கட்டிப் பால் கறப்பது மலாயாத் தோட்டங்களில் பரவலாக இருந்த வழக்கம். அந்தச் சில பசுக்கள் ஓடைகளைக் கெடுத்தன என்று சொல்ல முகாந்திரம் இல்லை.

ஆனால் மேய்ச்சல் காட்டில் மந்தை செய்யும் மூன்று காரியங்களும் கேமரன் மலையில் மந்தை இல்லாமலே நடக்கின்றன. சாணத்தின் இடத்தில் கோழி எரு இருக்கிறது. சமவெளிப் பண்ணைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மலையேறும் அந்த எரு, நன்கு மக்காத நிலையில் காய்கறிப் பாத்திகளில் இடப்படும்போது மழையோடு ஓடையில் இறங்கி, அமோனியாவையும் குடல் நுண்ணுயிரிகளையும் கொண்டு சேர்க்கிறது. குளம்பு மிதிப்பதைவிடப் பன்மடங்கு வேகமாகக் கரையை வெட்டிச் சாய்க்கிறது மண்வாரி இயந்திரம். புல் வழித்தெடுக்கப்படுவதற்குப் பதிலாக, ஓடையின் விளிம்புவரை காட்டின் மூடாக்கே அகற்றப்பட்டு நெகிழிக் கூரைகள் எழுகின்றன. மழை நீர் அக்கூரைகளில் ஊறாமல் வழிந்து, குறுகிய நேரத்தில் பெருவேகத்தோடு ஓடையில் பாய்கிறது. ஆகவே இம்மலையின் சிக்கலை மேய்ச்சல் நிர்வாகத்தின் மொழியில் விளக்குவது வலிந்த ஒப்பீடு ஆகாது.

நீர்மின் திட்டத்துக்கு முன்னோடியாக 1950களின் நடுவில் ஷாலோ என்பவர் இங்கு செய்த ஆற்று அளவீடுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. காட்டு நிலத்திலிருந்து வெளியேறும் வண்டலைப் போலச் சுமார் இருபது மடங்கு தேயிலை நிலத்திலிருந்தும், சுமார் முப்பது மடங்கு காய்கறி நிலத்திலிருந்தும் வெளியேறுவதை அவை காட்டின. தேயிலையைத் தூய பயிர் என்றும் காய்கறியை மட்டுமே குற்றவாளி என்றும் பிரிக்கும் பழக்கத்துக்கு இக்கணக்கு இடம் தரவில்லை. முதிர்ந்த தேயிலையின் கவிகை மழைத்துளியின் அடியைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இளங்கன்று நட்ட சரிவும், தோட்டச் சாலையும், கொழுந்து எடுப்போர் நடக்கும் ஒற்றையடிப் பாதையும் மண்ணை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த மண் ஓடையை அடையுமா, வழியில் தங்குமா என்பதைத் தீர்மானிப்பது இடையே நிற்கும் கரைத் தாவரம்தான். எந்தப் பயிர் என்ற கேள்வி இரண்டாவது. கரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

3. ரிங்லெட் நீர்த்தேக்கம் சுமக்கும் விலை

கரை இழந்த ஓடைகளின் மண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ரிங்லெட்டில் காணலாம். 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணை பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து, சுரங்கக் குழாய் வழியே பேராக் மாநிலத்தின் பாத்தாங் பாடாங் பள்ளத்தாக்கிலுள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்துக்கு நீரை அனுப்புகிறது. தெலோம் ஆற்றின் நீரும் சுரங்கம் வழியே இங்கே திருப்பப்படுகிறது. நீர்த்தேக்கத்தின் தொடக்கக் கொள்ளளவு சுமார் 67 லட்சம் கன மீட்டர். அதில் அடிப்பகுதி வண்டலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. திட்டமிட்ட ஆயுளுக்கு வெகு முன்பே வண்டல் அந்த எல்லையைக் கடந்து பயன்பாட்டுக் கொள்ளளவையும் தின்னத் தொடங்கியது. மின் நிறுவனமான தெனாகா நேஷனல் ஆண்டுக்கணக்கில் தூர் வாரி வருகிறது.

இது மின்சாரத்தோடு முடியும் இழப்பு அன்று. கொள்ளளவு சுருங்கிய நீர்த்தேக்கத்தால் திடீர் மழையை வாங்கி வைக்க இயலாது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையை அடுத்து அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, கீழேயிருந்த பெர்த்தாம் வேலி குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் வேலி பகுதிகளில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர்ப்பலி கொண்டது. மேலே ஓடைக்கரையைச் சிதைத்தவர்களும் கீழே வீட்டை இழந்தவர்களும் ஒரே மக்கள் அல்லர். ஆற்று நீரையே நம்பி வாழும் செமாய்ப் பூர்வக்குடியினர் இந்தப் பயிர்த்தொழிலின் ஆதாயத்தில் பங்கு பெறாமலே அதன் கலங்கலைக் குடிநீரில் பெறுகிறார்கள். இந்த அநீதியைத் தொழில்நுட்பச் சிக்கல் என்ற பெயரால் மூடிவிட முடியாது.

4. உரிமத்தின் காலமும் கரையின் காலமும்

மலேசியாவில் நிலமும் காடும் மாநில அதிகாரத்துக்குட்பட்டவை. கேமரன் மலைக் காய்கறி நிலங்களில் பெரும்பங்கு, 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் தற்காலிக உரிமத்தின் பேரில் நெடுங்காலம் பயிரிடப்பட்டு வந்தது. அந்த உரிமம் வழங்கப்பட்ட ஆண்டின் இறுதியோடு காலாவதியாகும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். கரையில் நடும் மரம் வேர்பிடித்து மண்ணைக் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த சனவரியில் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத விவசாயி அந்த மரத்தை நடுவதற்குக் காரணமே இல்லை. ஓடையின் விளிம்புவரை பாத்தி போடுவது பேராசை என்று ஒழுக்கப் பாடம் நடத்துவோர், சட்டமே அவரை ஆண்டுக் கணக்குப் பார்க்க வைத்திருக்கிறது என்பதையும் கருத வேண்டும்.

கரைக்கென விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர், 40 மீட்டரைத் தாண்டினால் 50 மீட்டர் என ஆற்றோரக் காப்பு நிலத்துக்கு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி உண்டு. ஆனால் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநிலம் அந்நிலத்தை அரசிதழில் காப்பு நிலமாக அறிவிக்காதவரை அது பரிந்துரை மட்டுமே. மேலும், அகலத்தை மட்டும் பார்க்கும் இவ்வளவுகோல் சரிவைக் கணக்கில் கொள்வதில்லை. சமவெளியில் போதுமான 5 மீட்டர், செங்குத்தான மலைச்சரிவில் போதாது.

இவற்றோடு வருவாய், செலவு முரண் சேர்கிறது. உரிமக் கட்டணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. தூர் வாரும் செலவு மின் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. நீரின் தரத்தை அளக்கும் பொறுப்பு கூட்டரசின் சுற்றுச்சூழல் துறையிடம் இருக்கிறது. உரிமத்தால் வருவாய் பெறுபவரும், கரை கெட்டால் செலவைச் சுமப்பவரும், நீரின் கேட்டை அளப்பவரும் மூன்று வெவ்வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். 2014 பேரிடருக்குப் பின் சட்டவிரோத நிலத் திருத்தத்துக்கு எதிராகக் கூட்டு அமலாக்க நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. அவை தேவையானவையே. ஆயினும் இடித்துத் தள்ளிய பாத்தியின் இடத்தில் கரை தானாக முளைப்பதில்லை.

5. முன்மொழிவும் மறுப்புகளும்

மேய்ச்சல் அனுபவத்திலிருந்து கேமரன் மலைக்குக் கொண்டுவரத்தக்கவை மூன்று. முதலாவது, தலைமடை ஓடைகளின் காப்பு நிலத்தைச் சரிவுக்கேற்ற அகலத்தோடு அளந்து அரசிதழில் ஏற்றுவது. இரண்டாவது, ஆண்டு உரிமத்துக்குப் பதிலாகப் பல ஆண்டுக் குத்தகை தந்து, அதன் நீட்டிப்பைக் கரையின் நிலையோடு பிணைப்பது. தாவர மூடாக்கு, கரைச் சரிவு, நீரில் மிதக்கும் மண் ஆகியவற்றை எளிய கருவிகளால் அளக்க முடியும். மலேசிய நீர்த்தரக் குறியீட்டின் ஆறு அளவுருக்களில் மிதக்கும் திண்மமும் அமோனியா நைட்ரஜனும் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. மூன்றாவது, தூர் வாரும் செலவில் ஒரு பகுதியைக் கரையில் மரம் வளர்க்கும் விவசாயிக்கும் தோட்டத்துக்கும் ஊதியமாக வழங்குவது.

சிறு விவசாயியால் நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. இரு கரையிலும் 5 மீட்டர் விட்டால் ஒரு கிலோமீட்டர் ஓடைக்கு ஒரு ஹெக்டேர் நிலம் தேவைப்படும். மாவட்டத்தின் கணக்கில் அது சிறிது. ஓடையை ஒட்டி ஒரே துண்டு நிலம் வைத்திருப்பவருக்குப் பெரிது. அதனால்தான் உறுதியான நீண்ட உரிமையும் ஊதியமும் இல்லாமல் கரையை மட்டும் கேட்பது தவறு என்கிறோம். நீண்ட உரிமை தந்தால் ஆக்கிரமிப்புக்குப் பரிசளித்ததாகும் என்பது இன்னொரு மறுப்பு. உரிமை கரையின் நிலையோடு கட்டப்பட்டிருக்கும்போது பரிசு என்ற சொல் பொருந்தாது. கரையைக் கைவிட்டவருக்குக் குத்தகை நீளாது. அதே அளவுகோல் பெருந்தோட்டங்களுக்கும் விலக்கின்றிப் பொருந்த வேண்டும். பல பத்தாண்டுகளாக ஒரே சரிவில் நிலைத்திருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கரை வளர்க்கக் காலம் இல்லை என்ற சாக்கு கிடையாது.

6. முடிபு

பர்கூரில் மாட்டை வெளியேற்றுவதும் கேமரன் மலையில் பாத்தியை இடிப்பதும் உறுதியான செயலாகத் தோன்றலாம். கரையைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்வதில்லை. பொது நிலத்தை உழைப்பவரிடமிருந்து பிடுங்குவதும், நிபந்தனையின்றி அவர் கையில் விடுவதும் மட்டுமே வழிகள் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். நிலத்தில் நிலைக்கும் உரிமையும் கரையைக் காக்கும் கடமையும் ஒரே ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். பகாங் மாநில அரசுக்கு அதற்கான அதிகாரம் இன்றே இருக்கிறது. முதலில் ரிங்லெட்டுக்கு மண் அனுப்பும் ஓடைகளிலிருந்து அது தொடங்கட்டும்.