நண்பனுக்காக நின்ற வக்கீல்



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன் போன் செய்தான். இப்போது வக்கீலாக இருக்கிறான். "டீச்சர், சின்ன வயசிலேர்ந்து கூடவே இருந்த நண்பன் ஒரு கிரிமினல் கேஸ்ல மாட்டிக்கிட்டான். என்னையே ஆஜராகச் சொல்றான். எடுக்கலாமா? ரொம்ப வேண்டியவன். கோர்ட்ல நின்னா கை நடுங்கிடுமோன்னு பயமா இருக்கு" என்றான். சட்டம் படித்தவன் அவன், நான் ஆசிரியப் பயிற்சி மட்டும் முடித்தவள். என்ன சொல்வது? ஒரு நாள் டைம் கொடு என்று போனை வைத்தேன். அன்று இரவு முழுக்க மனதில் ஓடியது, வகுப்பில் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு வழக்கு. அதை இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1908 ஏப்ரல் 30. பீகாரில் உள்ள முசாபர்பூரில் இரவு நேரத்தில் ஒரு குதிரை வண்டி மீது வெடிகுண்டு வீசப்பட்டது. வீசியவர்கள் குதிராம் போஸ், பிரபுல்ல சாக்கி என்ற இரண்டு இளைஞர்கள். அவர்கள் குறிவைத்தது கிங்ஸ்போர்டு என்ற ஆங்கிலேய நீதிபதியை. ஆனால் அந்த வண்டியில் இருந்தவர்கள் கென்னடி என்ற வக்கீலின் மனைவியும் மகளும். இருவரும் இறந்துபோனார்கள். ஒரு பாவமும் அறியாத இரண்டு பெண்கள். விடுதலைப் போரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டே நாளில், மே 2 அதிகாலையில், கல்கத்தாவில் போலீஸ் பல இடங்களில் புகுந்தது. மாணிக்தலா பகுதியில் இருந்த ஒரு தோட்டத்தில் வெடிகுண்டு செய்யும் பொருள்கள் கிடைத்தன. அங்கே இருந்தவர்களுக்குத் தலைவர் பாரீந்திர குமார் கோஷ். அதே காலையில் கிரே தெருவில் இருந்த வீட்டில் அவருடைய அண்ணன் அரவிந்த கோஷும் கைது செய்யப்பட்டார். பின்னாளில் புதுச்சேரியில் ஆசிரமம் கண்ட ஸ்ரீ அரவிந்தர்தான் அவர். அப்போது அவருக்கு வயது 35. குற்றச்சாட்டு, அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தது. நிரூபணமானால் தூக்கு வரை போகலாம்.

இதுதான் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிக் கூண்டில். 200-க்கும் மேற்பட்ட சாட்சிகள், சுமார் 4000 ஆவணங்கள்.

அந்த நீதிமன்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

நீதிபதி பீச்கிராஃப்ட். இவரும் அரவிந்தரும் இங்கிலாந்தில் ஒரே ஆண்டில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர்கள். கிரேக்க மொழித் தாளில் அரவிந்தர் முதலிடம், பீச்கிராஃப்ட் இரண்டாமிடம். அரவிந்தர் குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் விட்டதால் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று இரண்டாவதாக வந்தவர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், முதலில் வந்தவர் கூண்டில் நிற்கிறார்.

அரசுத் தரப்பில் வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன். இவர் நம்ம சென்னையில் பல காலம் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். 1887-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதில் முன்நின்று உழைத்த ஆங்கிலேயர். அப்படிப்பட்டவர் இப்போது தேசியவாதிகளைத் தண்டிக்க வேண்டும் என்று வாதாட வந்து நின்றார்.

அரவிந்தரின் தரப்பில் முதலில் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். பணத்துக்கு அவருடைய தங்கை சரோஜினி பொதுமக்களிடம் நிதி கேட்டார். வந்த பணம் மளமளவென்று கரைந்தது. வழக்கோ முடிகிற வழியாக இல்லை. அந்த நேரத்தில் முன்வந்தவர்தான் சித்தரஞ்சன் தாஸ். பின்னாளில் நாடே "தேசபந்து" என்று கொண்டாடிய தாஸ்.

தாஸ் அரவிந்தருக்கு அந்நியர் அல்ல. இருவரும் இங்கிலாந்தில் படித்தவர்கள், ஐ.சி.எஸ். கனவோடு போய் அதில்லாமல் திரும்பியவர்கள். அரவிந்தர் எழுதிய "வந்தே மாதரம்" பத்திரிகைக்குத் துணைநின்றவர்களில் தாஸும் ஒருவர். கருத்திலும் நட்பிலும் நெருக்கம். அப்போது தாஸுக்குச் சொந்தக் கஷ்டமே மலையளவு இருந்தது. அப்பா பட்ட கடனில் குடும்பம் 1906-இல்தான் திவாலாகியிருந்தது. அந்த நிலையில் மற்ற கேஸ்களை ஒதுக்கிவிட்டு இந்த ஒரு வழக்கில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்.

இவ்வளவு நெருக்கமானவர் வாதாட வந்தால் என்ன நடக்கும் என்று நினைப்போம்? கண்ணீர், ஆவேசம், "என் நண்பன் அப்படிப்பட்டவன் இல்லை" என்ற முழக்கம். சினிமாவில் அப்படித்தான் காட்டுவார்கள். தாஸ் செய்தது வேறு. அவர் காகிதங்களைப் படித்தார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது ஒரு கடிதத்தை. அரவிந்தரின் வீட்டுச் சோதனையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் நடந்த சமயத்தில் தம்பி பாரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாக அது இருந்தது. இந்தியா முழுக்க இனிப்புகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. இனிப்பு என்றால் வெடிகுண்டு என்றார் நார்ட்டன்.

தாஸ் அந்தக் கடிதத்தை ஒரு குடும்பத்து ஆளைப் போலப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அண்ணனும் தம்பியும் இருவருமே சூரத்தில்தான் இருந்தார்கள். ஒரே ஊரில் இருக்கும் தம்பி அண்ணனுக்கு இப்படி ஒரு ஆபத்தான கடிதம் ஏன் எழுத வேண்டும்? அதை அண்ணன் பத்திரமாகக் கல்கத்தா வரை கொண்டுவந்து போலீஸ் எடுக்கும்வரை ஏன் வைத்திருக்க வேண்டும்? வங்காளிக் குடும்பத்தில் தம்பி அண்ணனை "சேஜ்தா" என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவான். இந்தக் கடிதமோ ஆங்கிலேயர் எழுதுவதுபோல "அன்புள்ள சகோதரருக்கு" என்று தொடங்கி, கடைசியில் தம்பியின் முழுப்பெயரோடு முடிகிறது. சொந்த அண்ணனுக்கு யார் முழுப்பெயரில் கையெழுத்துப் போடுவார்கள்? நீதிபதிக்கும் சந்தேகம் வந்தது. அந்தக் கடிதத்தை நம்பி அரவிந்தரைத் தண்டிக்க அவர் முன்வரவில்லை.

எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். நெருக்கம் தாஸின் கண்ணை மறைக்கவில்லை, கண்ணைத் திறந்துவிட்டது. அந்த வீட்டுப் பழக்கம் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கடிதத்தில் இருந்த பிசகு தெரியும்.

வழக்குக்கு இடையில் ரத்தமும் சிந்தியது. கைதிகளில் ஒருவரான நரேந்திரநாத் கோஸ்வாமி அப்ரூவராக மாறினார். 1908 ஆகஸ்ட் 31 அன்று சிறைக்குள்ளேயே கனாய்லால் தத், சத்யேந்திரநாத் போஸ் இருவரும் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருவருக்கும் தூக்கு. கோஸ்வாமியை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யாததால், அவர் முன்பு கொடுத்திருந்த வாக்குமூலத்தை வழக்கில் பயன்படுத்த முடியாமல் போனது. 1909 பிப்ரவரியில் அரசு வக்கீல் ஆசுதோஷ் பிஸ்வாஸும் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவு கொதிப்புக்கு நடுவில் அந்த நீதிமன்றம் தினமும் கூடியது.

தாஸின் கடைசி வாதம் மட்டும் பல நாள் நீண்டது. இந்த மனிதர் இந்த நீதிமன்றத்தின் முன் மட்டும் நிற்கவில்லை, வரலாற்றின் நீதிமன்றத்தின் முன்னும் நிற்கிறார் என்ற பொருளில் அவர் முடித்தது புகழ்பெற்றது. ஆனால் பிள்ளைகளே, அந்த முடிவுரைதான் அரவிந்தரைக் காப்பாற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த ஆவணங்கள்தான் காப்பாற்றின.

1909 மே 6 அன்று தீர்ப்பு. அரவிந்தர் விடுதலை. பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்துக்கும் மரண தண்டனை. மேல்முறையீட்டில் அது அந்தமான் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

நீதிபதியையும் பாராட்ட வேண்டும். கூடப் பரீட்சை எழுதியவர் என்று சலுகையும் காட்டவில்லை, தன்னை முந்தியவர் என்று பழியும் தீர்க்கவில்லை. ஆட்சியே தண்டனையை எதிர்பார்த்துக் காத்திருந்த வழக்கில், ஆதாரம் போதவில்லை என்று எழுதினார்.

ஒரு கேள்வி வரும். அரவிந்தருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாதா? ரகசியப் புரட்சி அமைப்புகளோடு தமக்குத் தொடர்பு இருந்ததை அவரே பின்னாளில் தம்மைப் பற்றிய குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தாஸ் ஏமாற்றினாரா? இல்லை என்பதுதான் என் எண்ணம். இந்தக் குற்றம், இந்தச் சாட்சியங்களால் நிரூபணமாகியிருக்கிறதா என்பதுதான் கோர்ட் கேட்கும் கேள்வி. சந்தேகத்துக்குரிய ஒரு கடிதத்தை வைத்து ஒரு மனிதரைத் தூக்கில் போடக்கூடாது என்பதற்காக ஒருவர் நிற்கத்தான் வேண்டும். நின்றவர் நண்பராக இருந்தது தற்செயல் இல்லை. பணம் தீர்ந்த பிறகும் நிற்பவர் வேறு யார்?

விடுதலையான அதே மாதத்தில் உத்தரபாராவில் பேசிய அரவிந்தர் இதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். எதிர்பாராமல் வந்த நண்பர், தொழிலை விட்டுவிட்டு இரவுகளில் விழித்து, உடம்பையும் கெடுத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றினார் என்றார். வக்கீலுக்காகத் தான் குறிப்புகள் எழுதத் தொடங்கியதையும், தாஸ் வந்தபின் அந்தக் கவலையையே விட்டுவிட்டதையும் சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். தாஸின் வங்காளக் கவிதை நூல் "சாகர் சங்கீத்"தை அங்கிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். 1923-இல் தாஸ் புதுச்சேரிக்கே வந்து நண்பரைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளில் தாஸ் காலமானார்.

அப்பாவின் கடன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சட்டப்படி கட்டத் தேவையில்லாத அந்தக் கடனை 1913-இல் தாஸ் தாமாகவே தேடிக் கொடுத்துத் தீர்த்தார்.

மறுநாள் அந்த மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, அந்தக் கேஸில் நீயே சாட்சியாகப் போக வேண்டி வருமா என்று முதலில் பார். வருமென்றால் வக்கீலாக நிற்கக்கூடாது என்று உங்கள் தொழில் விதியே இருக்கிறதாமே, விட்டுவிடு. இல்லையென்றால், அவனுக்கு எதிராக இருக்கும் காகிதத்தையும் அவன் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்ட உன்னால் முடியுமா என்று யோசி. முடியும் என்றால் எடு. எடுத்தால் இரவு கண்விழித்துப் படி. கை நடுங்கினால் நடுங்கட்டும், காகிதம் கையில் இருந்தால் போதும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கேஸ் கட்டை முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றான். என்ன முடிவெடுத்தான் என்று இன்னும் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்