வயித்தைச் சுருக்கின பிறகு எவ்வளவு சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும்? – எண்பது வருஷக் கதை

உடல் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இருந்து அடிக்கடி வரும் கேள்வி இது.

"டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு 600 கலோரி கூட உள்ள போறதில்ல. இதுல ஜிம்முக்குப் போகலாமா? உடம்பு தாங்குமா?"

இதற்கு நேர் எதிரான கேள்வியும் வரும்.

"அதான் ஆபரேஷனே பண்ணியாச்சே, இனி எதுக்கு எக்சர்சைஸ்?"

ரெண்டுக்கும் சுருக்கமாவே பதில் சொல்லிடலாம். ஆனா அந்தப் பதிலுக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்கு எண்பது வருஷம் ஆச்சு. அந்தக் கதை தெரிஞ்சா பதில் மறக்காது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

கதை பட்டினியில் தொடங்குகிறது.

1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினி. போர் முடிந்ததும் இவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது?

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் கேலரிக்கு அடியில்தான் ஆய்வகம்.

முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு. நாளைக்குச் சுமார் 3,200 கலோரி.

அடுத்த 24 வாரம் அது ஏறக்குறைய பாதியானது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. இதோடு வாரத்துக்கு 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் நடக்கணும்.

என்ன ஆச்சு?

எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியும் சுமார் 40% குறைந்துவிட்டது. இதயம் மெதுவாகத் துடித்தது. வெயில் காலத்திலும் குளிர்ந்தது. தசை வலு சரிந்தது. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம் மாதிரி படித்தார்கள்.

வருமானம் குறைஞ்ச வீட்டில் என்ன பண்ணுவோம்? ஃபேனை நிறுத்துவோம், தேவையில்லாத லைட்டை அணைப்போம். உடம்பும் அதைத்தான் செய்தது.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. திரும்ப நன்றாகச் சாப்பிடத் தொடங்கியபோது கொழுப்பு சீக்கிரம் வந்து சேர்ந்தது. தசை மெதுவாகத்தான் வந்தது.

1950இல் கீஸ் குழுவினர் இதை இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஒல்லியான இளைஞர்களை என்பது உண்மைதான். ஆனால் குறைந்த சாப்பாடும் உழைப்பும் சேர்ந்தால் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இன்றுவரை இதுதான் அடிப்படைப் பாடம்.

அடுத்த காட்சியும் அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில்தான்.

1954. க்ரெமன், லின்னர், நெல்சன் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதிக்கு உணவே போகாமல், ஆரம்பத்தையும் கடைசியையும் நேரடியாக இணைத்துவிடும் ஆபரேஷன். உணவு உறிஞ்சப்படும் இடமே சிறுகுடல்தானே? அதைத் தாண்டிப் போய்விட்டால் எடை குறையும் என்பது கணக்கு.

1960களில் இது பரவியது. பின்னால் பிரபலமான ஒரு முறையில் 14 அங்குலமும் 4 அங்குலமும் மட்டும்தான் வேலை செய்யும். பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் மொத்தமே ஒன்றரை அடி!

எடை குறைந்தது. கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சத்துக் குறைபாடு, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. உயிரிழப்புகளும் நடந்தன. பலருக்குக் குடலைத் திரும்பப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது. 1980 வாக்கில் இந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது.

கலோரி உள்ளே போகாமல் தடுத்தால் புரதமும் வைட்டமினும் சேர்ந்தே தடுக்கப்படும். இந்தச் சின்ன உண்மைக்குக் கொடுத்த விலை ரொம்பப் பெருசு.

இதற்கு நடுவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் ஒல்லியாகவே இருக்கிறார்கள். அப்போ இரைப்பையைச் சின்னதாக்கினால்?

1966இல் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். இன்று நாம் செய்யும் பைபாஸுக்கு அதுதான் தாய். மேசன் 2020இல், நூறு வயதில் காலமானார்.

1990களில் இது லேப்ராஸ்கோப்பிக்கு மாறியது. பிறகு ஸ்லீவ் வந்தது. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி வாழைப்பழம் மாதிரி ஆக்குவது. முதலில் இது ஒரு பெரிய ஆபரேஷனின் முதல் கட்டம் மட்டும்தான். மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இதைச் செய்து, எடை குறைந்ததும் இரண்டாம் கட்டம் செய்வார்கள். பலருக்கு முதல் கட்டத்திலேயே எடை போதுமான அளவு குறைந்ததால், இது தனி ஆபரேஷனாகவே ஆகிவிட்டது.

இனிதான் நம்ம கேள்விக்குள்ளே வர்றோம்.

1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் க்ரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் சுரந்து, மூளைக்குப் பசி பசி என்று சொல்லும் ஹார்மோன்.

2002இல் அமெரிக்காவில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. டயட் இருந்து எடை குறைத்தவர்களுக்கு க்ரெலின் ஏறியிருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கோ மிகக் குறைவாக இருந்தது.

மினசோட்டா இளைஞர்களுக்குப் பசி என்ற அலாரம் விடாமல் அடித்தது. ஆபரேஷன் செய்தவருக்கு முதல் சில மாதங்கள் அந்த அலாரம் ஆஃப்.

இதுதான் ஆபரேஷனின் பலம். ஆபத்தும் இதுதான்.

பசி இல்லாததால் 500, 600 கலோரியில் வாரக்கணக்கில் ஓட்ட முடியும். எடைமெஷின் முள்ளும் கீழே இறங்கிக்கிட்டே இருக்கும். எல்லாரும் பாராட்டுவாங்க. ஆனா இறங்குவது கொழுப்பா, தசையா என்று அந்த மெஷின் சொல்லாது.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு டிவி போட்டி. கடும் டயட், தினமும் மணிக்கணக்கில் உடற்பயிற்சி. யார் அதிகம் எடை குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு.

2014இல் ஆய்வாளர்கள் இந்தப் போட்டியாளர்களையும் பைபாஸ் செய்தவர்களையும் வயது, எடை பார்த்து 13 ஜோடிகளாக ஒப்பிட்டார்கள்.

இரு தரப்புக்கும் எடை நிறையக் குறைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்தவர்கள் இழந்த எடையில் சுமார் 30% கொழுப்பல்லாத திசு. தசையும் அதில் அடக்கம். போட்டியாளர்களுக்கு அது சுமார் 16% மட்டுமே. உடற்பயிற்சி தசையைக் காப்பாற்றியிருந்தது.

அப்போ போட்டியாளர்கள்தான் ஜெயித்தார்களா? அவசரப்படாதீங்க.

போட்டியாளர்களின் மெட்டபாலிசம், குறைந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கீழே போயிருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கும் ஆறாம் மாதம் குறைந்தது, ஆனால் ஒரு வருடத்தில் ஏறக்குறைய சரியாகிவிட்டது.

2016இல் அதே நிகழ்ச்சியின் 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஆறு வருடம் கழித்தும் அவர்கள் உடல் ஓய்வில் செலவழித்தது, இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

குறைந்த சாப்பாடு, அளவுக்கு மீறிய உழைப்பு. மினசோட்டாவில் பார்த்த அதே கதை.

அதே 14 பேரில் எடையை ஓரளவு காப்பாற்றிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? போட்டிக்கு முன்பு இருந்ததைவிட அன்றாட உடல் உழைப்பை அதிகம் கூட்டி, அதை விடாமல் தொடர்ந்தவர்கள்.

சரி, ஆபரேஷன் செய்தவருக்கு எக்சர்சைஸ் என்னதான் தரும்?

2015இல் பைபாஸ் முடித்த 128 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு அமெரிக்க ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு ஆறு மாதம் உடற்பயிற்சி, இன்னொரு குழுவுக்கு சுகாதார வகுப்புகள் மட்டும்.

எடை? இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது!

ஆனால் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. சர்க்கரை நோயில் இதன் அருமை உங்களுக்கே தெரியும்.

அதனால கலோரியை எரிக்கத்தான் எக்சர்சைஸ் என்ற எண்ணத்தை விட்டுடுங்க. அரை மணி நேர நடையில் எரிவதை ஒரு டீயும் ஒரு வடையும் ஈடுகட்டிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு எக்சர்சைஸ் செய்வது தசையைக் காப்பாற்ற, சர்க்கரையைக் கட்டுப்படுத்த, பிற்பாடு எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள.

எடை திரும்ப ஏறுமா? ஏறலாம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில் ஆபரேஷன் செய்த 2,010 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எடையில் சுமார் 32% இழந்தார்கள். பத்தாம் வருடம் பார்த்தால் அது சுமார் 25%. கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் ஆபரேஷன் செய்யாதவர்களைவிட இவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆக, ஆபரேஷன் நல்ல சிகிச்சைதான். பசி அலாரம் மெல்லத் திரும்பும் காலத்துக்குள் நல்ல பழக்கங்கள் வேர் பிடித்திருக்கணும். அவ்வளவுதான்.

இப்போ நடைமுறைக்கு வருவோம்.

1. ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க. வலிக்குதுன்னு படுத்தே இருக்காதீங்க.

2. முதல் 4 முதல் 6 வாரம் நடை மட்டும் போதும். தண்ணிக்குடம், சிலிண்டர் மாதிரி கனமான எதையும் தூக்க வேண்டாம்.

3. அதன்பிறகு உங்கள் அறுவை மருத்துவர் அனுமதித்ததும் வாரம் 2 அல்லது 3 நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்ட் இழுப்பது. ஜிம் கட்டாயம் இல்லை.

4. நடை, சைக்கிள் போன்றவற்றை வாரத்துக்கு 150 நிமிடத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல 300 நிமிடம் வரை கொண்டுபோகலாம்.

5. நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கு. சின்ன வயிற்றில் முதலில் இரண்டு இட்லியைப் போட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. முட்டை, மீன், கோழி, பனீர், தயிர், பருப்பு, சுண்டல் முதலில். இட்லி, சோறு கடைசியில். போதவில்லை என்றால் புரதப் பவுடர் பற்றி மருத்துவரிடம் கேளுங்க.

6. கலோரிக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மாதம் ஏற ஏற அளவும் ஏறணும். 600 கலோரி காலத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வேண்டாம். எக்சர்சைஸைக் கூட்டும் நாளில் சாப்பாட்டைக் குறைக்காதீங்க.

7. சர்க்கரை, பிரஷர் மாத்திரையின் அளவு ஆபரேஷனுக்குப் பிறகு மாறும். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு நடக்கப் போனால் மயங்கி விழலாம். மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

8. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. நல்லாத்தானே இருக்கேன் என்று நிறுத்தாதீர்கள்.

9. நிற்காத வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பம். இவை தயாமின் என்ற பி1 குறைபாடாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

இப்போ அந்த இரண்டு கேள்விக்கும் பதில்.

முதலாமவருக்கு: நடங்க, லேசான தசைப் பயிற்சி செய்யுங்க. ஆனா முதலில் புரதத்தை 60 கிராமுக்குக் கொண்டுவாங்க. பசிக்கலன்னாலும் நேரம் பார்த்துச் சாப்பிடுங்க.

இரண்டாமவருக்கு: ஆபரேஷன் உங்க பசியைக் குறைக்கும். தசையைக் காப்பாற்றாது. அது உங்க கையிலும் காலிலும்தான் இருக்கு.

வீட்டிலோ நட்பிலோ இந்த ஆபரேஷன் செய்தவர்கள் இருந்தால் இதை அனுப்புங்க. அவங்க எவ்வளவு கிலோ குறைஞ்சாங்கன்னு கேட்கும்போது, நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழ முடியுதான்னும் சேர்த்துக் கேளுங்க.

சந்தேகங்களைக் கமெண்ட்டில் போடுங்க. நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.