வேகம் நெகிழலாம், இலக்கு நெகிழலாகாது: காவிரிப் படுகைப் பள்ளிகளில் உள்ளடக்கிய கல்வி

முன்னுரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்விக்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கையில் கற்பிக்கும் முறை அவரவர் தேவைக்கேற்பத் தகவமைக்கப்பட வேண்டும். முதலாவது பள்ளியின் வாசலைப் பற்றியது. இரண்டாவது வகுப்பறையின் வேகத்தையும் வழியையும் பற்றியது. சட்டம் ஒரு பிரிவினரை மனத்தில் கொண்டு சொன்ன இந்த இரட்டை நிபந்தனையைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வயல்வேலையை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

கடந்த இருநூறு ஆண்டுகளில் இப்பகுதியில் வாசலும் வேகமும் ஒருசேரப் பிள்ளைக்கு இசைவாக அமைந்த காலம் மிகக் குறைவு. திண்ணைப் பள்ளியில் பாடம் பிள்ளையின் வேகத்துக்கு நடந்தது, ஆனால் வாசல் பலருக்கு அடைத்தே கிடந்தது. விடுதலைக்குப் பின் வாசல் திறந்தது, பாடம் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியது. இடையில் 1953இல் நிகழ்ந்த ஒரு சோதனை மூன்றாவது கேள்வி ஒன்றை எழுப்பியது: பிள்ளைக்கேற்பப் பள்ளியை நெகிழ்த்தும்போது பிள்ளையின் எதிர்காலத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறோமா? வேகமும் வழியும் பிள்ளைக்குப் பிள்ளை மாறலாம், சென்று சேர வேண்டிய இடம் மாறக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திண்ணையின் வேகம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். வந்து சேர்ந்த அறிக்கைகளின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் கல்லூரிகளும் இருந்தன. 1,88,650 பேர் படித்தனர். வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, ஆங்கிலேயர் வருகைக்கு முன் இங்கே கல்வியே இல்லை என்ற கூற்று நிற்க முடியாமல் போனது.

எண்ணிக்கையைவிடக் கற்பித்த விதமே இங்கு முக்கியம். ஒரே திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதும் சிறுவன் ஒரு பக்கம். ஓலையில் எழுத்தாணி ஓட்டுபவன் இன்னொரு பக்கம். எண்சுவடியின் பின்னங்களை முந்திரிவரை, அதாவது 320இல் ஒரு பங்குவரை, உரக்கச் சொல்பவன் மற்றொரு பக்கம். ஆண்டு முடிந்ததும் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிவிடும் வகுப்பு அங்கு இல்லை. ஒரு சுவடி முடிந்தால்தான் அடுத்தது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் கேட்டான். உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இத்தகைய பள்ளி வாழ்வின் ஒழுங்கையும் பிரம்படியையும் ஒருங்கே பதிவு செய்கிறது. மனப்பாடம், அடி, ஆசிரியரின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு ஆகியவை இம்முறையின் குறைகள். ஆனால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பியவன், விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது.

இந்தக் கணக்குக் கல்வி நிலத்தோடும் நெல்லோடும் பிணைந்தது என்பதைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபுவின் ஆய்வுகள் காட்டுகின்றன. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மரக்காலும் கலமும் தெரியாமல் கணக்கப்பிள்ளை ஆக முடியாது. ஆனால் களத்தில் நின்று அந்த மரக்காலால் கூலி வாங்கிய பண்ணையாளின் மகனுக்குத் திண்ணையில் இடமில்லை. அளப்பவர் சொன்னதே கணக்கு. பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். மன்றோவின் கணக்கிலுள்ள 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றுவோர் அதன் கற்பித்தல் நுட்பத்தை மட்டும் பார்க்கிறார்கள். இகழ்வோர் அதன் அடைத்த வாசலை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

எழும்பூரும் லண்டனும்

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறை கடல் கடந்தது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிப்பதையும் அங்கு கடைப்பிடித்தார். தாயகம் திரும்பி 1797இல் அதை நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையைப் பரப்ப, இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

ஆனால் திண்ணையில் அவரவர் வேகத்துக்கு இடம் தந்த அதே ஏற்பாடு, தொழில் நகரங்களில் ஓர் ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாக ஒழுங்குபடுத்தும் கருவியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் வழங்கும் முறை நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தில் நின்றாக வேண்டும். வயதுக்கொரு வகுப்பு, வகுப்புக்கொரு பாடநூல், எல்லோருக்கும் ஒரே தேர்வு என்ற அமைப்பு இப்படித்தான் வேரூன்றியது. மானிய முறை பின்னர் மறைந்தாலும் வகுப்பறைப் பழக்கம் மறையவில்லை.

வாசல் திறந்த கதை

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் 1960களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வு, அக்கிரகாரம், பிராமணர் அல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்து நின்றதை விவரிக்கிறது. இத்தகைய ஊரில் பள்ளி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே பாதி அனுமதியைத் தீர்மானித்துவிடும். ஆதிதிராவிடர்க்கெனத் தனிப் பள்ளிகள் திறந்ததற்குப் பொதுப் பள்ளியின் வாசல் நடைமுறையில் அடைபட்டிருந்தது முக்கியக் காரணம்.

சட்டமும் போராட்டமும் சேர்ந்தே இதை அசைத்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கீழத்தஞ்சையில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையில் மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பும் முடிவு மிராசுதாரின் கையை விட்டுப் பெற்றோரின் கைக்கு வரத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

அடுத்த ஆண்டே, 1953 ஜூனில், ராஜாஜியின் அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது நிர்வாகத் தரப்பு நியாயம். ஆனால் கீழத்தஞ்சையில் பெற்றோரின் தொழில் என்றால் பண்ணை வேலை. அரை நாள் மட்டும் படித்த பிள்ளை மீதி அரை நாள் எந்த வரப்பில் நிற்கும் என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இன்றைக்கும் இதில் பாடம் உண்டு. வட்டாரத்துக்கேற்ற கல்வி, வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி என்ற முழக்கங்கள் தம்மளவில் குற்றமற்றவை. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போதும் என்பதைப் பிறப்பை வைத்து முன்கூட்டியே முடிவுகட்டும்போதுதான் அவை நஞ்சாகின்றன.

காமராஜர் காலத்தில் நடந்து போகும் தொலைவில் பள்ளிகள் வந்தன; 1956இல் மதிய உணவு வந்தது; 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது நாகை மாவட்டத் திருக்குவளையில். விடியுமுன் நடவுக்குக் கிளம்பும் தாய்க்கு இதன் பொருள் விளக்கத் தேவையில்லை.

விட்ட இடமும் தொடும் இடமும்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஏறக்குறைய அதே வாரங்களில்தான் பள்ளியும் திறக்கிறது. குறுவை நடவு, சம்பா நாற்று, வடகிழக்குப் பருவமழை, தை அறுவடை என்று வயல் நகர்கிறது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பள்ளி நகர்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்காள், தெருவில் தண்ணீர் நின்றதால் வராத சிறுவன், குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டு மீண்ட பிள்ளை ஆகிய மூவருமே வருகைப் பதிவேட்டில் வெறும் ‘வராதவர்’. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பின் பள்ளி அறைகளே நிவாரண முகாம்களாயின. திரும்பி வந்த பிள்ளைக்கு முன் பாடநூல் மட்டும் பல பக்கம் தள்ளிப் போயிருக்கும்.

இந்த முடிச்சை நேராகத் தொட்டது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து, 2003இல் ஆட்சிப்பணி அதிகாரி எம். பி. விஜயகுமாரின் முனைப்பில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலமெங்கும் அது வந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் ஏணிப்படி அட்டவணை. பிள்ளை தான் நிற்கும் படியின் சின்னத்தைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவில் ஆசிரியர் உடனிருப்பார். இன்னொன்றில் சக மாணவர் உதவுவர். வேறொன்றில் தானே செய்ய வேண்டும். கரும்பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. வரைந்தவை தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கின. பத்து நாள் கழித்து வந்த பிள்ளைக்குக் கேள்வி ஒன்றுதான்: எந்த அட்டையில் விட்டாய்?

பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி வைத்துப் பயிற்சி தருகிறது. திண்ணையின் நெகிழ்வு, சாதிக் கதவு இல்லாமல், அரசுப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறது என்று இவ்விரண்டையும் வாசிக்கலாம்.

ஆனால் இந்த நெகிழ்வு பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் நுழைந்ததும் மணிக்கொரு பாடம், பாடத்துக்கோர் ஆசிரியர். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கோ வேறு சிக்கல். சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் வட்டார வள மையத்தை மையமாகக் கொண்டு பல பள்ளிகளுக்குச் சுற்றிவருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையைத் தனியே அழைத்துப் பயிற்சி தருவதும், மற்ற நாள்களில் அது வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதும் நடந்தால் சட்டத்தின் முதல் நிபந்தனை மட்டுமே நிறைவேறுகிறது. உடனிருப்பது வேறு, உடன் கற்பது வேறு.

மறுப்புகள்

முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வேகத்தையும் பார்ப்பது ஆகிற காரியமா? உண்மையில் ஈராசிரியர் பள்ளிக்குப் பொருந்தாதது ஒரே வேகம்தான். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்ற வகுப்புகள் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான். நிலைப்படிக் குழுக்கள் அந்தக் காத்திருப்பைக் குறைக்கின்றன. ஆனால் பதிவேடுகளையும் செயலிப் பதிவுகளையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு இதையும் கேட்பது நியாயமன்று.

இரண்டாவது மறுப்பு கனமானது. அரும்பு, மலர் என்ற பிரிவினை நாளடைவில் பழைய தெருப் பிரிவினையாகவே மாறிவிடாதா? மாறக்கூடும். நாங்குநேரியில் சாதியின் பெயரால் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் தாக்கிய நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்களை அகரவரிசையில் அமர்த்தவும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளிட்டவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. பள்ளிக்குள் இருக்கையும் ஓர் அரசியல் என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. எனவே நிலைக்குழு ஒரு பாடத்துக்கு மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் நிலவ வேண்டும். கணக்கில் அரும்பாக இருப்பவள் தமிழில் மலராக இருக்க இடமிருக்க வேண்டும். ஓராண்டு முழுவதும் ஒரே குழுவில் தங்கிவிட்ட பிள்ளை, அந்த முறையின் தோல்விக்குச் சான்று.

முடிவுரை

மூன்று மாற்றங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. வருகைப் பதிவேட்டின் அருகிலேயே ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் கற்றல் படியும் பதிவாக வேண்டும்; நீண்ட நாள் வராத பிள்ளை திரும்பினால் அந்தப் படியிலிருந்து தொடங்குவது ஆசிரியரின் பெருந்தன்மையாக இல்லாமல் பள்ளியின் கடமையாக வேண்டும். சிறப்புப் பயிற்றுநரின் வருகை வகுப்பாசிரியரின் வாரத் திட்டத்துக்குள் அமைய வேண்டும்; இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பிக்கும் பாடவேளைகள் வேண்டும். நிலைப்படிப் பயிற்சி எட்டாம் வகுப்புவரை நீள வேண்டும். அதே வேளையில், அந்தந்த வகுப்பின் பாடத்தை முழுமையாகப் பெறும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் குறையக்கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையே மூன்று மாற்றங்களையும் காக்கிறது. மெல்லக் கற்பவர் என்று முத்திரை குத்திச் சுருக்கிய பாடத்தோடு அனுப்பிவைத்தால், 1953இன் அரை நாள் பள்ளி வேறு பெயரில் திரும்பிவிடும். சேர்க்கை விழுக்காடும் தேர்ச்சி விழுக்காடும் பள்ளியின் உள்ளடக்கும் தன்மையை அளக்கப் போதா. மார்கழி மழையில் இரண்டு வாரம் வராமல் போன பிள்ளை தைக்குப் பின் எந்தப் படியில் தொடங்கியது, பங்குனிக்குள் எங்கே வந்து சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல முடிகிற பள்ளியே எல்லோருக்குமான பள்ளி.